தனாபே கோட்டையில் யூசாய்: சாவதா, சரணடைவதா, பேசித் தீர்ப்பதா?

1600ஆம் ஆண்டு, பழைய ஜப்பானிய நாட்காட்டிப்படி ஏழாம் மாதம் 20ஆம் தேதி வாக்கில், ஜப்பான் கடலோரத் தாங்கோ நாட்டிலிருந்த தனாபே கோட்டையைச் சுமார் 15,000 பேர் கொண்ட படை வளைத்தது. உள்ளே இருந்தவர்கள் 500 பேர் அளவில்தான். அவர்களுக்குத் தலைவர் ஹொசோகாவா யூசாய், வயது 66. மழித்த தலை, துறவிப் பெயர். குடும்பத் தலைமையை மகனிடம் கொடுத்துப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. மகன் தடாவோகியோ கோட்டையின் நல்ல வீரர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு தொகுகாவா இயேயாசுவின் படையோடு கிழக்கே போயிருந்தார். அந்த ஆண்டு ஜப்பானியப் பிரபுக்கள் இயேயாசு தலைமையில் கிழக்குப் படை, அவரை எதிர்த்த மேற்குப் படை என்று இரண்டாகப் பிரிந்திருந்தார்கள்; தனாபேயை வளைத்தது மேற்குப் படை. உதவி எப்போது வரும், வருமா என்பதே தெரியாத நிலை.

யூசாய் என்ன செய்திருக்க வேண்டும் என்று ஜப்பானியர்கள் நானூறு வருஷமாக யோசித்திருக்கிறார்கள். அவருடைய மகனே அப்பா செய்தது சரியில்லை என்றுதான் நினைத்தார். அவர் முன்னால் இருந்த வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. வசதியாக, அதே ஆண்டு அதே போரில் வேறு இரண்டு கோட்டைகளும் முற்றுகைக்குள்ளாயின. யூசாய் எடுக்காத வழிகளை அந்தக் கோட்டைத் தலைவர்கள் எடுத்தார்கள். அதனால் "அப்படிச் செய்திருந்தால்" என்று வெறும் கற்பனையாகப் பேச வேண்டியதில்லை.

முதலில், அவர் கையில் இருந்தது என்ன என்று பார்த்துவிட வேண்டும். யூசாயின் பழைய பெயர் ஃபுஜிதாகா. 1534இல் பிறந்தவர். பேரரசரின் பெயரால் நாட்டை ஆண்ட படைத்தலைவர்களான அஷிகாகா ஷோகுன்களுக்கு ஊழியம் செய்து வளர்ந்தார். 1565இல் ஷோகுன் யோஷிதெரு கொல்லப்பட்டபோது, அவருடைய தம்பியை நாராவிலிருந்து தப்ப வைத்தவர்களில் இவரும் ஒருவர். பிறகு, அடுத்தடுத்து நாட்டில் மேலோங்கிய ஓதா நோபுனாகாவிடமும், அவருக்குப் பின் தொயோதோமி ஹிதேயோஷியிடமும் இருந்தார். வாள், வில், தேநீர்க் கலை, நோ நாடகத்தின் மேளம், சமையல் கத்தி என்று அந்தக் காலத்து மேல்தட்டு மனிதருக்கு வேண்டிய எல்லாவற்றிலும் தேர்ந்தவர். இத்தனையிலும் கவிதைதான் அவருடைய உயிர்.

905ஆம் ஆண்டு வாக்கில் பேரரசரின் ஆணைப்படி தொகுக்கப்பட்ட 'கொகின்ஷூ' என்ற கவிதைத் தொகை இருபது பாகம், ஏறக்குறைய 1,100 பாட்டு கொண்டது. ஜப்பானியக் கவிதைக்கு அதுவே இலக்கணம், அதுவே வேதம். அதன் கடினமான இடங்களுக்கு என்ன பொருள் என்பதை ஆசிரியர் ஒரு மாணவருக்கு மட்டும், சத்தியம் வாங்கிக்கொண்டு சொல்லிக் கொடுக்கும் மரபு ஒன்று உருவாகியிருந்தது. அதற்குக் கொகின் தென்ஜு என்று பெயர். பாட்டுகளில் வரும் மூன்று பறவைகள் உண்மையில் எவை, மூன்று மரங்கள் எவை என்பது போன்ற விளக்கங்களைத் துண்டுத் தாள்களில் எழுதிக் கொடுப்பார்கள். மீதியை வாயால் சொல்வார்கள். யூசாய் இதை 1572இல் தொடங்கி, சன்ஜோநிஷி சனேகி என்ற அரண்மனைப் பிரபுவிடம் கற்றார். சனேகியின் மகன் அப்போது சின்னப் பையன். அதனால் ஒரு நிபந்தனை இருந்தது: பிற்பாடு இதை எங்கள் வீட்டுக்கே திருப்பித் தந்துவிட வேண்டும். யூசாயும் சொன்ன சொல் தவறாமல் அந்த மகனுக்குக் கற்றுக்கொடுத்தார். ஆனால் மகன் இளமையிலேயே இறந்துபோனார். எனவே 1600இல் அந்த மரபு முழுமையாக இருந்தது யூசாய் ஒருவரின் தலைக்குள்தான். அந்தத் தலை இருந்ததோ குண்டு பாயும் கோட்டைக்குள்.

மூன்று பறவை என்ன பறவை என்று தெரிந்துகொள்வதில் இவ்வளவு என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றலாம். பிற்கால ஜப்பானிய அறிஞர்கள் சிலரே இந்த ரகசியங்களில் சரக்கில்லை என்று ஒதுக்கியிருக்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. நூற்றாண்டுக் கணக்கில் ஒருவர் இன்னொருவர் எதிரில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்த படிப்பு அது. தகவல் எவ்வளவு பெரிது என்பதை விட, அந்தத் தொடர்ச்சி அறாமல் இருப்பதே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது.

இனி வழிகள்.

முதல் வழி, எதிரி வந்ததுமே கோட்டையைத் திறந்துவிடுவது. வயதான மனிதர், கையில் ஆள் இல்லை. முற்றுகையிட்ட மேற்குப் படையினரோ தம்பாவையும் தாஜிமாவையும் சேர்ந்த அக்கம்பக்கத்துப் பிரபுக்கள். பலர் தெரிந்தவர்கள், சிலர் இவரிடமே கவிதை படித்தவர்கள். திறந்திருந்தால் யாரும் அவரை அவமானப்படுத்தியிருக்க மாட்டார்கள். உயிரும் பிழைத்திருக்கும், கவிதை மரபும் பிழைத்திருக்கும்.

ஆனால் இந்த வழிக்கு அவர் குடும்பத்திலேயே ஒருவர் ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டார். மேற்குப் படையின் இஷிதா மிட்சுனாரி, இயேயாசு பக்கம் போன பிரபுக்களின் மனைவி மக்களை ஒசாகாவில் பிணையாகப் பிடிக்கப் பார்த்தார். ஏழாம் மாதம் 17ஆம் தேதி தடாவோகியின் மனைவி கிராசியாவின் மாளிகையை ஆட்கள் சூழ்ந்தார்கள். அவர் கிறிஸ்தவர். தற்கொலை அவருடைய சமயத்தில் பாவம். குடும்ப ஊழியர் ஒருவர் கையால் இறந்தார், மாளிகை எரிந்தது. மருமகள் பிணையாகப் போக மறுத்து உயிரை விட்ட மூன்றே நாளில் மாமனார் கதவைத் திறந்து வெளியே வந்தால் அதற்கு என்ன பெயர்? தவிர, மகன் இயேயாசுவின் பாசறையில் இருக்கிறார். அப்பா இங்கே பணிந்தால் அங்கே மகனை யார் நம்புவார்கள்? இந்த வழியை நான் முழுதாகவே தள்ளிவிடுவேன். யூசாயும் தள்ளினார். மற்றக் கோட்டைகளைக் கைவிட்டு, மியாசு கோட்டையைக் கொளுத்திவிட்டு, இருந்த ஆட்களையெல்லாம் தனாபேயில் சேர்த்துக்கொண்டு கதவை அடைத்தார். அவர் மனைவி ஜாகோவும் கவசம் அணிந்து கோட்டைக்குள் நின்றதாகச் சொல்கிறார்கள்.

இரண்டாவது வழி, கடைசி ஆள் வரை போரிட்டுச் சாவது. சாமுராய் மரபில் அதிகம் கொண்டாடப்படும் வழி. அதே மாதம் கியோத்தோவின் தெற்கே ஃபுஷிமி கோட்டையில் தொரி மொதோதாதா இதைத்தான் செய்தார். இயேயாசுவின் சிறு வயது நண்பர். சுமார் 1,800 பேரை வைத்துக்கொண்டு, 40,000 பேர் என்று சொல்லப்படும் படையை எதிர்த்து நின்று, எட்டாம் மாதம் 1ஆம் தேதி இறந்தார். ரத்தம் தோய்ந்த அந்தக் கோட்டையின் தரைப்பலகைகள் என்று சொல்லி, கியோத்தோவில் யோகென்-இன் போன்ற கோயில்களின் மேற்கூரையில் இன்றும் பலகைகளைக் காட்டுகிறார்கள்.

தொரியின் சாவுக்குக் கணக்கு சரியாக இருந்தது. எதிரிப் படையைச் சில நாள் கட்டிப்போடுவது அவருடைய வேலை. அதை முடித்தார். அவரோடு அழியப் போகிற பொருள் வேறு எதுவும் இல்லை. யூசாய் நிலைமை அப்படி இல்லை. அவர் செத்தால் அவருக்குச் சொந்தமில்லாத ஒன்றும் சேர்ந்து சாகும். சன்ஜோநிஷி குடும்பத்துக்குத் திருப்பித் தர வேண்டிய கடன் அது. கடன்காரர் தன் மானத்துக்காகக் கடன் பொருளையும் சேர்த்து எரிக்க முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே தொரியின் வழி யூசாய்க்கு அப்படியே பொருந்தாது என்பேன்.

மூன்றாவது வழி, முடிந்த வரை போரிட்டுவிட்டுப் பேச்சுவார்த்தைக்கு இறங்குவது. பிவா ஏரிக்கரையில் ஒத்சு கோட்டையைப் பிடித்துவைத்திருந்த கியோகோகு தகாத்சுகு அப்படிச் செய்தார். ஒன்பதாம் மாதத் தொடக்கத்தில் கிழக்குப் பக்கம் மாறி, பீரங்கி அடியைத் தாங்கி நின்று, ஒரு துறவியின் சமரசத்தில் கோட்டையை விட்டு, கோயா மலைக்குப் போனார். அவர் கோட்டையை விட்ட 15ஆம் தேதிதான் இரு படைகளும் மோதிய முடிவான போரில், செகிகஹாராவில், இயேயாசு வென்றார். ஒத்சுவில் சிக்கிக்கொண்ட மேற்குப் படை அந்தப் போருக்கு வந்து சேரவில்லை. அதனால் இயேயாசு தகாத்சுகுவை அழைத்து வகாசா நாட்டைக் கொடுத்தார். இன்னும் ஒரே நாள் தாங்கியிருக்கலாமே என்று மனசில் படத்தான் செய்கிறது. ஆனால் உள்ளே இருப்பவருக்கு அந்த ஒரு நாள் தெரியாது. தனாபேக்கும் இதே விதிதான்.

யூசாய் இந்த மூன்றையும் எடுக்கவில்லை. அவர் செய்தது என்ன என்று சொல்வதற்கு முன் 1582க்கு ஒரு நடை போய்வர வேண்டும். இப்படிப்பட்ட இக்கட்டு அவருக்கு முதல் தடவையல்ல.

அந்த ஆண்டு ஆறாம் மாதம் 2ஆம் தேதி அகெச்சி மிட்சுஹிதே தன் தலைவர் நோபுனாகாவைக் கியோத்தோவின் ஹொன்னோ-ஜி கோயிலில் தாக்கி அழித்தார். மிட்சுஹிதே யூசாயின் நெடுநாளைய தோழர், சம்பந்தியும்கூட. கிராசியா அவர் மகள்தான். மிட்சுஹிதேயோடு சேர்வது, அவரை எதிர்த்துப் படையெடுப்பது என்று எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தவை இரண்டு வழிகள். யூசாய் தலையை மழித்துக்கொண்டு, நோபுனாகாவுக்குத் துக்கம் காக்கிறேன் என்று அறிவித்து, பொறுப்பை மகனிடம் ஒப்படைத்துவிட்டார். யூசாய் என்ற பெயரே அப்போது வந்ததுதான். மருமகளை மலைக்குள் மிதோனோ என்ற ஊரில் ஒதுக்கி வைத்தார்கள்.

9ஆம் தேதி மிட்சுஹிதே எழுதிய கடிதம் இன்றும் ஹொசோகாவா குடும்பத்தின் எய்செய் புங்கோ சேகரிப்பில் இருக்கிறது. நீங்கள் முடியை வெட்டிக்கொண்டது கேட்டு முதலில் கோபம் வந்தது, யோசித்தால் நியாயம்தான் என்று தொடங்குகிறார். செத்சு நாட்டை உங்களுக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறேன், தாஜிமாவும் வகாசாவும் வேண்டுமென்றாலும் சரி என்கிறார். உங்கள் மகனை உயர்த்தத்தான் இதையெல்லாம் செய்தேன், ஐம்பது நூறு நாளில் எல்லாம் அடங்கியதும் இளையவர்கள் கையில் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வேன் என்கிறார். இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது மிட்சுஹிதே மேல் இரக்கம் வராமல் இருக்காது. நான்கு நாள் கழித்து யமாசாகிப் போரில் தோற்று, ஓடும் வழியில் இறந்தார். யூசாய் அசைந்து கொடுக்கவில்லை. அடுத்த மாதமே ஹொன்னோ-ஜி இடிபாட்டில் நோபுனாகாவின் நினைவாகத் தொடர்கவிதைக் கூட்டம் நடத்தினார்.

இதைக் கோழைத்தனம் என்றும் சொல்லலாம், குளிர்ந்த கணக்கு என்றும் சொல்லலாம். நான் பார்ப்பது வேறு. பல கடமைகள் ஒரே நேரத்தில் கழுத்தை நெரிக்கும்போது, அவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பதில் சொல்லும் குணம் அவரிடம் இருந்தது. இறந்த தலைவருக்குத் துக்கம், மகனுக்கு ஆட்சி, சம்பந்திக்கு மௌனம்.

தனாபேயிலும் இதைத்தான் செய்தார். பேரரசர் கோ-யோசெய்யின் தம்பி இளவரசர் தொஷிஹிதோ, பின்னாளில் கத்சுரா மாளிகையைக் கட்டியவர், அந்த வருஷம்தான் யூசாயிடம் கொகின் தென்ஜு படிக்க ஆரம்பித்திருந்தார். போரில் பாடம் பாதியில் நின்றது. ஆசிரியர் சாகப் போகிறார் என்று பதறி, சமாதானமாகப் போகும்படி ஆள் அனுப்பினார். யூசாய் மறுத்துவிட்டார். மறுத்த கையோடு, ஏழாம் மாதக் கடைசியில், கவிதை மரபின் ஏடுகளையும், இளவரசருக்குக் கற்பித்ததற்கான சான்றுத் தாளையும் கோட்டையிலிருந்து வெளியே அனுப்பினார். பேரரசருக்கும் நூல்கள் போயின. கூடவே ஒரு பாட்டு. அன்றும் இன்றும் மாறாத இந்த உலகத்தில், மனம் என்னும் விதையைச் சொல்லிலைகளில் விட்டுச் செல்கிறேன் என்பது அதன் சாரம். கொகின்ஷூவின் முன்னுரையே ஜப்பானியப் பாட்டு மனசை விதையாகக் கொண்டு முளைக்கிறது என்றுதான் தொடங்கும். அந்த முதல் வரியைத்தான் யூசாய் தன் கடைசி வரியாக எழுதினார், அப்போது அவர் நினைத்தபடி.

கவிதைக் கடன் முடிந்தது, இனி வீரனின் கடனை உடம்பால் தீர்க்கலாம் என்பதே இதன் பொருள். தொரியின் வழி அவருக்குப் பொருந்தாமல் தடுத்த காரணத்தை அவரே எடுத்து அப்புறப்படுத்திவிட்டார்.

கலையைக் கேடயமாகப் பிடித்து உயிர் தப்பிய தந்திரக்காரர் என்று அவரைச் சொல்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த இடத்தைத்தான். தப்பிப்பதுதான் நோக்கம் என்றால் ஏட்டை யாராவது முதலில் வெளியே அனுப்புவார்களா? கையிலேயே வைத்துக்கொண்டு, நான் செத்தால் இதுவும் போகும் என்று சொல்லியிருப்பார்கள். அப்படிப் பேரம் பேசுவதற்கு முன்னுதாரணமும் இருந்தது. 130 வருஷத்துக்கு முன், இதே கொகின் மரபின் ஆசான் தோ த்சுனெயோரி, தன் கோட்டையைப் பறிகொடுத்துவிட்டு, பறித்தவருக்குப் பாட்டெழுதி அனுப்பியே அதைத் திரும்பப் பெற்றார். கவிதை படித்த எல்லோருக்கும் தெரிந்த கதை. யூசாய் அந்தப் பக்கமே போகவில்லை.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏடு போனாலும் வாய்ப்பாடம் அவரோடுதான் இருந்தது. இளவரசரின் படிப்பு முடியவில்லை. அதனால்தான் அரண்மனையின் கவலை தீரவில்லை.

முற்றுகை ஐம்பது நாளைத் தாண்டி இழுத்தது. 500 பேரை 15,000 பேர் ஏன் சீக்கிரம் முடிக்கவில்லை? பாதிக் காரணம் யூசாயின் எதிர்ப்பு, மீதி எதிரியின் மனசு. தானி மோரிதோமோ என்ற பிரபு துப்பாக்கியில் குண்டு போடாமல் வெறும் மருந்தை மட்டும் வெடித்தார் என்று இன்றும் கதை உண்டு. ஆசிரியர் மேல் சுட அவருக்குக் கை வரவில்லை.

ஒன்பதாம் மாதம் பேரரசரே இறங்கினார். கராசுமாரு மிட்சுஹிரோ, நாகானோஇன் மிச்சிகாட்சு, சன்ஜோநிஷி சனேஎதா என்ற மூன்று பிரபுக்களைத் தூதராக அனுப்பி, முற்றுகையை விலக்கவும் கோட்டையைத் திறக்கவும் ஆணையிட்டார். மூவரும் கவிதைக்காரர்கள். சனேஎதா, யூசாயின் ஆசிரியர் சனேகியின் பேரன்.

இங்கேதான் நான்காவது வழி பிறக்கிறது. எதிரிக்குப் பணிவது வேறு, பேரரசர் ஆணைக்குப் பணிவது வேறு. முற்றுகையிட்டவர்களும் அதே ஆணைக்கு அடங்குகிறார்கள். தோற்றவர், வென்றவர் என்று யாரும் இல்லை. இளவரசர் தனிப்பட்ட முறையில் கேட்டபோது மறுத்தவர், நாட்டின் தலைவர் கேட்டபோது இசைந்தார். 13ஆம் தேதி கோட்டையைத் திறந்து, தம்பாவின் கமேயாமா கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். செகிகஹாரா போர் இரண்டே நாள் கழித்து நடந்தது. தாங்கோவில் மாட்டிக்கொண்ட 15,000 பேரும் அந்தப் போரில் இல்லை.

ஆக, தொரி செய்து முடித்த வேலையை யூசாயும் முடித்தார், அவரை விட நீண்ட நாள். தகாத்சுகுவைப் போல உயிரோடு வெளியே வந்தார். ஆனால் பேரம் பேசாமல் வந்தார். மூன்று கோட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் ஓட்டு தனாபேக்குத்தான்.

தடாவோகி இதை ஒப்பவில்லை. மனைவி ஒசாகாவில் இறந்திருக்கிறார், அப்பா கோட்டையைத் திறந்துவிட்டார் என்பது அவருக்கு ஆறவில்லை. இருவருக்கும் இடையே கொஞ்ச காலம் மனஸ்தாபம் இருந்தது. அந்தக் கோபத்தை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். கிராசியாவுக்குத் தூதர் அனுப்ப எந்தப் பேரரசரும் இல்லை. கவிதை தெரிந்த கிழவருக்குக் கிடைத்த வழி அவளுக்குக் கிடைக்கவில்லை என்பது யூசாயின் முடிவு எவ்வளவு சரியாக இருந்தாலும் உறுத்தும் விஷயம். முற்றுகைக்குத் தலைமை தாங்கிய ஓனோகி ஷிகேகாட்சு மேல் அந்தக் கோபம் திரும்பியது. தடாவோகியின் பிடிவாதத்தில் அவர் வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாக நேர்ந்தது. வெறும் மருந்தைச் சுட்ட தானியின் நிலத்தில் யாரும் கை வைக்கவில்லை. அவர் பரம்பரை 19ஆம் நூற்றாண்டின் மெய்ஜி காலம் வரை தம்பாவில் ஆண்டது.

இயேயாசு ஹொசோகாவா குடும்பத்துக்குக் கியூஷுவில் புசென் நாட்டைக் கொடுத்தார். யூசாய் பெரும்பாலும் கியோத்தோவிலேயே இருந்து, பாதியில் நின்ற பாடங்களை எடுத்தார். இளவரசருக்கு முடித்துக் கொடுத்தார். அவர்கள் உட்கார்ந்து படித்த அறை என்று சொல்லப்படும் கட்டடம் இப்போது குமமோத்தோவின் சுய்சென்-ஜி தோட்டத்தில், குளத்தைப் பார்த்தபடி இருக்கிறது. தூதராக வந்த கராசுமாரு மிட்சுஹிரோவும் மாணவரானார். 1610இல் இறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு, சனேஎதாவுக்கும் முழுதாகக் கற்றுக்கொடுத்தார். சன்ஜோநிஷி வீட்டிலிருந்து வாங்கியது, மகன் இறந்ததால் ஒருமுறை கைநழுவியது, அப்படித்தான் பேரன் கைக்குப் போய்ச் சேர்ந்தது.